மஞ்சள் பூசிக்கொண்டு போகாதீர்கள்

அம்மாவை முதல் முறை ஈரத்தகட்டு முறையில் புகைப்படம் எடுக்க அழைத்துப் போனபோது நாங்கள் செய்யாத தப்பு இல்லை. அரக்குச் சிவப்பில் பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம், காலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம். படம் எடுக்கப் போகிறோம் என்றால் அம்மா வேறு எப்படிக் கிளம்புவார்? கடைசியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய தகட்டில் கரிய புடவை, கரிய முகம், அதில் இரண்டு கண்கள் மட்டும் பளிச்சென்று. பொட்டைக் காணோம். மூக்குத்தி இடது பக்கம் போய்விட்டது. முந்தானை வலது தோளில் கிடந்தது.

அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது நான் இல்ல. எங்க ஆத்தா" என்றார்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில், மெக்கானிக்ஸ்பர்க்கில். இங்கிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் கெட்டிஸ்பர்க். 1863 ஜூலை முதல் மூன்று நாள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரும் சண்டை நடந்த ஊர். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் எப்படிப் படம் எடுத்துக்கொண்டார்களோ அதே முறையில் இன்றும் அங்கே எடுத்துத் தருகிறார்கள். ஆறு மாதத்துக்கு வந்திருந்த அம்மாவோடு மே மாதம் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை போனேன். இரண்டாவது தகடு நன்றாக வந்தது. நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் எடுக்கக் கற்பவர்களுக்கு அல்ல, போய் உட்காரப் போகிறவர்களுக்கு.

முதலில், அது என்ன என்று சுருக்கமாக. 1851-இல் லண்டனில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி இந்த முறையை வெளியிட்டார். பஞ்சை அமிலங்களில் ஊறவைத்து, அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் தேன் போல ஒரு திரவம் வரும். கொலோடியன் என்று பெயர். காயத்தின் மேல் தடவி மூடுவதற்கு அப்போது வைத்தியர்கள் வைத்திருந்த சாமான் அது. அதில் அயோடைடு, புரோமைடு உப்புகளைக் கலந்து தகட்டின் மேல் ஊற்றி, வெள்ளி உப்புக் (சில்வர் நைட்ரேட்) கரைசலில் முக்கினால் தகடு வெளிச்சத்தை உணரத் தொடங்கும். ஆனால் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடித்துவிட வேண்டும். சுமார் பத்து நிமிடம்தான் கெடு. வெயில் காலத்தில் அதுவும் இல்லை. ஆர்ச்சர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகமே அதைப் பயன்படுத்திச் சம்பாதித்தது, அவர் 1857-இல் வறுமையில் இறந்தார்.

கண்ணாடியில் எடுத்தால் ஆம்ப்ரோடைப், இரும்புத் தகட்டில் எடுத்தால் டின்டைப். டின் என்று பெயரில்தான் இருக்கிறது, தகரம் ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. கறுப்பு அரக்குப் பூசிய இரும்புத் தகடு அது. 1856-இல் ஓஹையோவில் ஹாமில்டன் ஸ்மித் என்ற பேராசிரியர் காப்புரிமை வாங்கினார். இப்போது பெரும்பாலும் கறுப்புப் பூச்சுள்ள அலுமினியம். கண்ணாடி அழகு கூடுதல், ஆழம் இருக்கும். ஆனால் ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அலுமினியமே கேளுங்கள். பெட்டியில் உடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தகட்டுக்கு நம் கண்ணைப் போல எல்லா நிறமும் தெரியாது. நீலமும் ஊதாவும் அதைத் தாண்டிய புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு வேலை செய்கிறார்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் தகட்டுக்கு இருட்டு. மஞ்சளும் ஆரஞ்சும் கிட்டத்தட்ட அப்படியே. வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நம் ஊர் மங்கலப் பொருள் எல்லாமே சிவப்பும் மஞ்சளும்தானே! குங்குமம் கறுத்துப்போகும். மாநிற நெற்றியில் வைத்தால் இருந்த இடமே தெரியாது. கனகாம்பரம் கறுப்புப் பூவாகும், மல்லிகை அப்படியே வெள்ளையாக நிற்கும். சந்தனம் மங்கும். திருநீறு போல ஒன்று எடுபடாது, மூன்று பட்டையும் சுண்ணாம்பு அடித்தது போல வரும். மருதாணி போட்ட நரைமுடி கருங்கூந்தலாகிவிடும். இதை மட்டும் அம்மா ரசித்தார்.

மஞ்சள்தான் எதிரி. மஞ்சள் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? தன் மேல் விழும் நீலத்தை விழுங்கிவிடுவதால். தகட்டுக்குத் தேவையானதோ அந்த நீலம்தான். முகம் முழுவதும் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், தகட்டின் கண்ணுக்கு முகத்தில் கரி பூசிய மாதிரிதான். இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சன்ஸ்கிரீனும் வேண்டாம். புற ஊதாவைத் தடுப்பதுதானே அதன் வேலை, முகம் திட்டுத் திட்டாகக் கறுக்கலாம். வெயிலில் நிறம் மாறும் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட அரசியல்வாதி போல ஆகிவிடுவீர்கள்.

பச்சை குத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் முன்கையில் சின்ன வயதில் குத்திய கோலம் ஒன்று உண்டு. திருமங்கலம் சந்தையில் குறத்தி குத்தியது. இத்தனை வருடத்தில் நீலம் பாய்ந்து போயிருந்தது. தகட்டில் கை சுத்தமாக இருந்தது, கோலமே இல்லை. நீலப்பச்சை மை இப்படி மறைவது புதிதல்ல. நியூசிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாவோரி மக்களை இந்த முறையில் எடுத்த படங்களில் அவர்கள் முகத்துப் பச்சை பல நேரம் தெரியாமலே போயிருக்கிறது. பச்சை குத்தியது தெரியத்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே படக்காரரிடம் காட்டிப் பேசுங்கள்.

புடவை, சட்டை எதைப் போடுவது என்று தெரிய வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. உடுத்திக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்நாப்சீட் போன்ற செயலியில் கறுப்பு வெள்ளைக்குப் போய், நீல ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். அச்சு அசலாக இருக்காது, ஆனாலும் எது இருட்டும் எது வெளுக்கும் என்று பிடிபட்டுவிடும். நாங்கள் இரண்டாவது தடவை அம்மாவின் புடவை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் படம் எடுத்துப் பார்த்தோம். வீட்டிலேயே விலை கூடிய பட்டு கரித்துணியாகத் தெரிந்தது. கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பழைய சுங்குடி பிரமாதமாக இருந்தது. "வீட்டுல கட்டுறதக் கட்டிக்கிட்டா போட்டோவுக்கு வர?" என்று அம்மா முறைத்தார். கட்டிக்கொண்டுதான் வந்தார். பொதுவாகச் சொன்னால், நிறத்தை மறந்துவிட்டு நெசவையும் மடிப்பையும் பாருங்கள். கைத்தறிப் பருத்தி, கம்பளி, பின்னல் வேலை, சுருக்கம் விழுந்த வேட்டி இவையெல்லாம் தகட்டில் உயிரோடு வரும். ஜரிகை மங்கிவிடும், வெளிச்சம் நேராகப் பட்ட மடிப்பில் மட்டும் மின்னும். எழுத்துள்ள டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம்.

ஏனென்றால், படம் இடவலம் மாறித்தான் வரும். நெகட்டிவ் என்று தனியாக ஒன்று இல்லை, கேமராவுக்குள் போன தகடேதான் படம். கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரன் இடதுகைக்காரன் என்று ஊரே வெகுகாலம் நம்பியது, அவனுடைய டின்டைப்பில் துப்பாக்கி இடது இடுப்பில் தெரிந்ததால். உங்களுக்கு உங்கள் படம் பிடித்துப்போகும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் எங்கேயோ இடிக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் விட்டுவிடலாம். நாங்கள் இரண்டாம் முறை முந்தானையை வலது தோளில் போட்டோம், தகட்டில் இடது தோளுக்கு வந்துவிட்டது. மூக்குத்தியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. ஜன்னல் வெளிச்சமா, ஃபிளாஷா? இந்தத் தகடு மகா மந்தம். போன் கேமராவுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும் என்கிற வெளிச்சத்தில் இதற்குப் பல நொடி வேண்டும். ஜன்னல் வெளிச்சம் என்றால் ஐந்திலிருந்து பதினைந்து நொடி அசையாமல் இருக்கத் தயாராகுங்கள். ஃபிளாஷ் என்றால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் அது சாதாரண ஃபிளாஷ் அல்ல. முகத்தில் சூடு தெரிகிற அளவுக்கு ஒரு மின்னல். வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். சின்னக் குழந்தைகளைக் கொண்டுபோவதென்றால் வேறு வழியில்லை, ஃபிளாஷ் உள்ள இடமாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு என் ஓட்டு ஜன்னலுக்குத்தான். பல நொடி ஒரே இடத்தைப் பார்க்கும் முகத்தில் வருகிற ஒரு கனம் மின்னலில் வராது.

அடுத்து, என்ன மருந்தில் கழுவுகிறார்கள்? படத்தை நிலைநிறுத்த அந்தக் காலத்தில் சயனைடையே பயன்படுத்தினார்கள், இன்றும் சிலர் விடவில்லை. அதற்குப் பதில் ஹைப்போ என்ற உப்பே போதும். பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் அறிந்த சரக்கு அது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டறைப் பக்கம் போவதற்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள். ஈதர் வாசனை பழைய ஆஸ்பத்திரி போல அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வெளி அறையிலேயே இருப்பது நல்லது.

பிறகு, நம் தோல் நிறத்தைப் பற்றி. இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். மாநிறத் தோல் இந்தத் தகட்டில் உள்ளதைவிட இன்னும் கறுத்துத்தான் விழும், அதில் செம்மையும் மஞ்சளும் கூடுதல் என்பதால். முதல் முறை எங்களுக்கு வாய்த்த படக்காரர் தன் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு நொடி விடுவாரோ அதே ஒன்பது நொடிதான் அம்மாவுக்கும் விட்டார். மேகமூட்டம் வேறு. மஞ்சள் பாதி கெடுத்தது என்றால் இது மீதி. கறுத்த தோலை இந்த முறையில் எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட மனிதர். அந்தப் படங்களில் அவர் முகத்தின் ஒவ்வொரு ரேகையும் தெரியும். எடுத்தவர்கள் வெளிச்சத்தை அளந்து விட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே, முன்பதிவிலேயே உங்கள் படம் ஒன்றை அனுப்பி, "எங்கள் நிறத்துக்கு நேரத்தைக் கூட்டுவீர்களா?" என்று கேளுங்கள். இதே நிறத்தவர்களை எடுத்த தகடு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறை வேறொரு இடம் போனோம். அங்கிருந்த படக்காரரே முதலில் ஒரு சின்னத் துண்டுத் தகட்டில் சோதித்துப் பார்த்தார். ஆகஸ்ட் வெயில், ஆனாலும் எட்டு நொடி விட்டார்.

விலை இடத்துக்கு இடம் மாறும். நான் நாலுக்கு ஐந்து அங்குலத் தகட்டுக்கு நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். அச்சுப் போட்டுத் தர முடியாது, இருப்பது அந்த ஒன்றுதான். இரண்டு பேர் ஒரே தகட்டில் உட்காரலாம். தலைகள் முன்பின்னாக இல்லாமல் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் காலத்து லென்ஸில் கண்ணில் கூர்மை வைத்தால் காது மங்கிவிடும், அவ்வளவு மெல்லிய ஆழம்.

சரி, உட்காரும் நேரம். கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியைக் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், அது உங்களைப் பிடித்து நிறுத்தாது. நீங்கள் அதில் சாய்ந்து நினைவுபடுத்திக்கொள்ளத்தான். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உங்களைப் பார்த்துக் கூர்மை வைப்பார். அப்புறம் தகட்டைத் தயார்செய்ய உள்ளே போய்விடுவார். வெள்ளிக் கரைசலில் அது மூன்று நிமிடம் ஊற வேண்டும். கஷ்டமே இங்கேதான். எட்டு நொடியை யாரும் தாங்கிவிடலாம். அதற்கு முந்தின மூன்று நான்கு நிமிடம் கூர்மை வைத்த இடத்தைவிட்டு அசையாமல் இருப்பதுதான் பாடு. ஒரு அங்குலம் முன்னால் சாய்ந்தாலும் மூக்கு கூர்மையாக, கண் மங்கலாக வரும். அந்த நேரத்தில் யாரையும் கூடவந்து சிரிப்புக் காட்ட விடாதீர்கள். என் கணவரை நான் வெளியே அனுப்பினேன்.

எதிர்ச் சுவரில் ஒரு ஆணியோ கறையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் மூடி கழற்றப்படும்போது மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். முழு மூச்சை அடக்கினால் தோள் நடுங்கும். கண் சிமிட்டலாம், தாராளமாக. பல நொடியில் ஒரு இமைப்பு தகட்டில் பதியவே பதியாது. சிமிட்டாமல் முறைத்தால்தான் கண்ணில் நீர் கோர்த்துக் கெடுக்கும். சிரிப்பை எட்டு நொடி பிடித்து வைக்க முடியாது, உதடு நடுங்கிவிடும். வாயைத் தளர்வாக விடுங்கள், போதும். கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி வையுங்கள். தொங்கும் கை ஆடும். அம்மா எதையும் பார்க்கவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாராம். எட்டு வந்ததும் தானே தலையை அசைத்துவிட்டார், நல்லவேளை அதற்குள் மூடி விழுந்துவிட்டது.

பிறகு உடனே இருட்டறைக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள், எதையும் தொடாதீர்கள். தகட்டின் மேல் இரும்பு சல்பேட் கலந்த டெவலப்பரை ஒரே வீச்சில் ஊற்றுவார், பதினைந்து இருபது நொடி, உடனே தண்ணீர். அப்போது படம் நீலச்சாம்பல் பூத்த நெகட்டிவ் போல இருக்கும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஹைப்போவில் வைப்பதைத்தான் பார்க்க வேண்டும். பால் போல மூடியிருந்தது கரைந்து, நெகட்டிவாக இருந்த முகம் உங்கள் கண்முன்னே திரும்பி முகமாகிறது. வீடியோ எடுக்க வேண்டும் என்றால் எடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அங்கே படக்காரரின் விரல்களைப் பார்த்துவிட்டு அம்மா என் காதில், "இவரு ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காரா?" என்றார். பத்து விரலும் கறுத்திருந்தன. கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் விடை சரி. மைசூரில் தயாராகும் நம் தேர்தல் மையிலும் இருப்பது இதே சில்வர் நைட்ரேட்தான். ஒரு சொட்டுப் புடவையில் தெறித்தாலும் போகாது, ஆகவே தொட்டிப் பக்கம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

தகட்டின் ஓரத்தில் சிப்பி போன்ற கறை, கொலோடியன் வழிந்த கோடு, ஒரு மூலையில் பெருவிரல் பிடித்த அடையாளம் இவையெல்லாம் குறையல்ல. கையால் ஊற்றியதற்கு அத்தாட்சி. கண் மங்கியிருந்தால், முகம் முழுவதும் புகை படிந்தது போல வெளுத்திருந்தால், அல்லது எங்களுக்கு வந்தது போல இருட்டியிருந்தால், வார்னிஷ் போடுவதற்குமுன் இன்னொன்று எடுத்துத் தரக் கேளுங்கள். முதல் முறை எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

வார்னிஷ் கட்டாயம். சாண்டராக் என்ற மரப்பிசினும் லாவெண்டர் எண்ணெயும் சேர்ந்தது, தகட்டைச் சுடரில் காட்டிச் சூடாக்கி ஊற்றுவார்கள். மாதக்கணக்கில் மணம் இருக்கும். அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சானிடைசர் பட்ட கையால் தொட்டால் வார்னிஷ் கரைந்துவிடும். சட்டத்தில் போடும்போது கண்ணாடி தகட்டை ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இடவலம் திருப்பி அனுப்பலாம், மூக்குத்தி அதன் இடத்துக்கு வந்துவிடும்.

கெட்டிஸ்பர்க் போகிறவர்கள் நார்த் ஸ்ட்ராட்டன் தெருவில் ஒரு நினைவுக்கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். சண்டையில் செத்துக் கிடந்த ஒரு சிப்பாயின் கையில் மூன்று குழந்தைகளின் ஆம்ப்ரோடைப் இருந்தது. ஆளின் பெயர் தெரியாது. படத்தை அப்படியே அச்சிடப் பத்திரிகைகளுக்கு அன்று வசதி இல்லை, அதனால் மூத்தவன் சட்டைத் துணியும் பெண் குழந்தையின் உடுப்பும் எப்படி இருந்தன என்று எழுத்தில் வருணித்துப் போட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற ஊரில் ஒரு பெண்ணுக்கு அந்தச் செய்தி எட்டியது. பிரதி அனுப்பிப் பார்த்தபோது அவருடைய குழந்தைகள்தான். இறந்தவர் ஏமஸ் ஹியூமிஸ்டன். இதை அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா குழந்தைகளின் பெயரைக் கேட்டார். பிராங்க், ஆலிஸ், பிரெடரிக்.

அக்டோபரில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். தகட்டைக் கைப்பையில் வைக்கலாம், பழைய வேட்டித் துணியில் சுற்றி இரண்டு அட்டைக்கு நடுவே. விமான நிலைய எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. சுங்குடி கட்டிய நல்ல தகட்டை அப்படித்தான் கட்டி வைத்தேன். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும். அந்தக் கறுத்தத எடு" என்றார். அம்மாச்சியை யாரும் ஒரு படம்கூட எடுத்தது கிடையாது.